நாணய உறைகளில் பச்சைப் பிசுக்கு: பிவிசி ஆல்பத்திலிருந்து சேகரிப்பை மீட்பது எப்படி?

ஈசூன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெரியப்பா நெடுங்காலமாகச் சேர்த்து வந்த நாணயங்கள் இப்போது என் பொறுப்புக்கு வந்திருக்கின்றன. 1967-இல் வெளிவந்த சிங்கப்பூரின் முதல் வரிசை நாணயங்கள், மலாயா பிரிட்டிஷ் போர்னியோ சில்லறைகள், நீரிணைக் குடியேற்றங்கள் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) காலத்து வெள்ளி நாணயங்கள் சில, ஊரிலிருந்து வாங்கி வந்த சோழர் செப்புக்காசுகள் ஆகியவை அவற்றுள் அடங்கும். எல்லாவற்றையும் வளையம் வைத்த ஓர் ஆல்பத்தில், கண்ணாடிபோல் தெரியும் மெல்லிய பைகளுக்குள் அவர் போட்டு வைத்திருந்தார்.

கடற்குதிரை பொறித்த பத்துக் காசு நாணயத்தில், அதன் உடல் வரிகளுக்கு இடையே பச்சை நிறத்தில் ஏதோ கசிந்து நிற்கிறது. தொட்டால் விரலில் ஒட்டுகிறது. நாணயம் இருந்த பையின் உட்புறத்திலும் வட்டமாகப் பச்சைக் கறை படிந்துள்ளது. வெள்ளி நாணயங்களின்மேல் பனி மூடியதுபோல் ஒரு மங்கல் தெரிகிறது. ஆல்பம் இத்தனை காலமும் வீட்டின் பாம் ஷெல்ட்டரில் (குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறையில்), ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றின் பக்கத்திலேயே இருந்தது. ஆகவே இது வெறும் ஈரத்தால் வந்த களிம்பு என்று நம்ப முடியவில்லை. துணியால் துடைத்துவிடலாமா? இனி எதில் வைப்பது?

செப்புக்காசு எழுதியது:

துடைக்க வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பெரும்பாலான சேதம் உறையால் பாதியும் உரிமையாளரின் கைக்குட்டையால் மீதியும் நேர்கிறது. அந்தப் பிசுக்கில் தூசியும் மணல் துகளும் ஒட்டியிருக்கும்; துணி பட்டதும் அவை நாணயத்தின் முகத்தில் மெல்லிய கீறல்களை இழுத்துவிடும். பிசுக்கை நீக்க வழி உண்டு, கீறலை நீக்க வழி இல்லை.

நீங்கள் விவரித்தவை எல்லாம் பிவிசி (பாலிவினைல் குளோரைடு) என்ற பிளாஸ்டிக்கால் ஆன உறையின் அடையாளங்கள். இன்றே செய்ய வேண்டியது ஒன்றுதான்: எல்லா நாணயங்களையும், பார்வைக்கு நன்றாக இருப்பவற்றையும் சேர்த்து, அந்தப் பைகளிலிருந்து வெளியே எடுத்து, ஓரத்தை மட்டும் பிடித்து, சுத்தமான வெள்ளைக் காகிதத்தின்மேல் ஒன்றோடொன்று உரசாமல் வையுங்கள். சுத்தம் செய்வது பற்றிப் பிறகு நிதானமாக யோசிக்கலாம். உறை மாற்றாமல் செய்யும் எந்தப் பராமரிப்பும் வீண்.

உறையைச் சோதிக்க மூக்கே போதும். புதிதாக வாங்கிப் பிரித்த குளியலறைத் திரையின் நெடி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே நெடி பைக்குள்ளிருந்து வந்தால் சந்தேகமே இல்லை. விரலால் மடித்துப் பாருங்கள். சத்தமின்றித் துணிபோல் வளைந்தால் பெரும்பாலும் பிவிசி. மொறமொறவென்று சத்தம் எழுப்பி, மடிப்புக் கோடு அப்படியே நின்றால் அது மைலார் எனப்படும் பாலியெஸ்டர் படலமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தேக்காக்காரர் எழுதியது:

எனக்கு இதில் சற்று மாற்றுக் கருத்து உண்டு. என்னிடமும் அதே வகை ஆல்பங்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. பெரும்பாலான நாணயங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இணையத்தில் பிவிசி என்ற சொல்லைக் கேட்டாலே நாணயம் அடுத்த வாரம் கரைந்துவிடும் என்பதுபோல் எழுதுகிறார்கள். ஒரே ஆல்பத்தில் ஒரு நாணயம் பச்சையாகிறது, பக்கத்துப் பையில் இருப்பது பளபளப்பாகவே இருக்கிறது என்றால், குற்றம் உறையிடமா, அல்லது அந்த நாணயத்தை வியர்த்த கையால் தொட்டுப் போட்டவரிடமா? அத்துடன், நூற்றுக்கணக்கான நாணயங்களுக்குப் புதிய உறை வாங்குவது என்றால் செலவு சிறிதல்ல. பாதிக்கப்பட்டவற்றை மட்டும் மாற்றினால் போதாதா?

ஆய்வக மேசை எழுதியது:

தேக்காக்காரரின் கேள்வி நியாயமானது. வேதியியல் ஆய்வகத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் என்னால் இயன்ற விளக்கத்தைத் தருகிறேன்.

பாலிவினைல் குளோரைடு இயல்பில் விறைப்பான பொருள். தண்ணீர்க் குழாய்கள் அதனால் ஆனவைதாம். அதை ஆல்பப் பைபோல் மென்மையாக்க, தாலேட் வகையைச் சேர்ந்த எண்ணெய்த்தன்மையுள்ள இளக்கிகளைக் கலக்கிறார்கள். மென்மையான பிவிசியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட இந்த இளக்கியாக இருக்கலாம். இது பிளாஸ்டிக்குடன் வேதிப் பிணைப்பில் இணைந்திருப்பதில்லை. ஆகவே காலப்போக்கில் மெல்லக் கசிந்து நாணயத்தின்மேல் படலமாகப் படிகிறது. வெள்ளி நாணயங்களில் நீங்கள் காணும் மங்கல் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். இரண்டாவது நிகழ்வு இன்னும் கெட்டது. வெப்பமும் ஒளியும் பட்டுப் பட்டு, பிவிசியின் சங்கிலி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியாகிறது. காற்றின் ஈரத்தோடு சேர்ந்ததும் அது ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி, நாணயத்திலுள்ள செம்பைத் தாக்குகிறது. விளைவாக உருவாகும் செம்பு குளோரைடு சேர்மங்கள்தான் அந்தப் பச்சை நிறத்துக்குக் காரணம்.

செம்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தால், ஏறத்தாழ எங்கும் இருக்கிறது. 1967 வரிசையின் ஐந்து காசு முதல் ஒரு வெள்ளி (டாலர்) வரையிலான நாணயங்கள் செம்பு நிக்கல் கலவை. அதில் நான்கில் மூன்று பங்கு செம்பு. ஒரு காசு வெண்கலம். 1903-இல் வெளிவந்த எட்வர்டு மன்னர் தலை பொறித்த நீரிணை வெள்ளி டாலரில் 90 விழுக்காடு வெள்ளி, மீதி செம்பு. 22 காரட் தங்கப் பவுனில்கூடப் பன்னிரண்டில் ஒரு பங்கு பிற உலோகம், பெரும்பாலும் செம்பு. தூய தங்கம்தான் ஏறக்குறைய தப்பிக்கிறது.

ஒரு பையில் பாதிப்பும் அடுத்த பையில் பாதிப்பின்மையும் தெரிவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒரே ஆல்பத்தின் தாள்கள் வெவ்வேறு காலத்தில் வாங்கப்பட்டு, வெவ்வேறு அளவில் இளக்கி கலந்தவையாக இருக்கலாம். ஆல்பத்தின் அடியில் அழுத்தப்பட்டிருந்த நாணயம் மேலே இருந்ததைவிட உறையோடு நெருங்கியிருந்திருக்கலாம். விரல் வியர்வையின் உப்பும் வினையைத் துரிதப்படுத்தும். எனவே கைகளுக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமிலத்தைத் தருவது உறைதான். இன்று பளபளப்பாக இருப்பது வினை தொடங்கவில்லை என்பதற்குச் சான்றாகாது. தொடக்க நிலைப் படலம் சாய்வான வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இடத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். சிங்கப்பூரில் விடியலுக்கு முன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். மழையில்லாத நாளின் பிற்பகலில்தான் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்குகிறது. வினையை ஆற்றப்போட இங்கே குளிர்காலமும் கிடையாது.

ஈசூன்வாசி எழுதியது:

விரிவான விளக்கத்துக்கு மிக்க நன்றி. நாணயங்களை வெளியே எடுத்துவிட்டேன். நெடி இருக்கிறது, குறிப்பாக நடுப்பகுதித் தாள்களில். ஆனால் கடைசியில் உள்ள இரண்டு தாள்களில் நெடி எதுவும் இல்லை, தொடுவதற்கும் வேறு மாதிரி இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொள்ளலாமா என்று அறிய வேறு சோதனை உண்டா?

ஆய்வக மேசை எழுதியது:

தாளின் ஓரத்தில் சிறு துண்டு வெட்டி, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் அமிழ்த்தி, காற்றுக் குமிழி ஒட்டாமல் விட்டுப் பாருங்கள். மேலே வந்து மிதந்தால் அது பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரோப்பிலீன்; இரண்டும் நாணயத்துக்குத் தீங்கற்றவை. மூழ்கினால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். பிவிசியும் மூழ்கும், பாதுகாப்பான மைலாரும் மூழ்கும், பாலிஸ்டைரீனும் மூழ்கும். அதாவது, மிதப்பது ஒன்றை உறுதி செய்கிறது. மூழ்குவது எதையும் உறுதி செய்வதில்லை.

பெய்ல்ஸ்டைன் சோதனை என்று ஒன்று உண்டு: செம்புக் கம்பியைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கைத் தொட்டு, மீண்டும் தீயில் காட்டினால், குளோரின் இருக்கும் பட்சத்தில் சுடர் பச்சையாக எரியும். முடிவு தெளிவாக இருக்கும், ஆனால் வெளிவரும் புகை நச்சுத்தன்மை உடையது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் சமையலறையில் இதைச் செய்யச் சொல்லமாட்டேன். சந்தேகம் தீராத தாளைக் குப்பையில் போடுவது அதைவிட மலிவு.

செப்புக்காசு எழுதியது:

இனி பிசுக்கை நீக்குவது பற்றி. பரவலாக ஏற்கப்பட்ட முறை தூய அசிட்டோன். அது இளக்கியின் எண்ணெய்ப் படலத்தைக் கரைக்கும்; உலோகத்தோடு வினைபுரியாது. நகப்பூச்சு நீக்கும் திரவத்தை வாங்கிவிடாதீர்கள், அதில் நறுமணமும் நிறமும் எண்ணெயும் கலந்திருக்கும். டப்பாவில் அசிட்டோன் என்று மட்டும் எழுதியிருக்க வேண்டும்.

மூடியுள்ள சிறு கண்ணாடிக் குடுவையில் நாணயம் மூழ்கும் அளவுக்கு ஊற்றி, நாணயத்தை மெல்ல இறக்கி மூடி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் கிண்ணம் கூடாது. சிலவகைப் பிளாஸ்டிக்குகள் அசிட்டோனில் கரைந்து நாணயத்தின்மேலேயே படிந்துவிடும். நுனியில் பிளாஸ்டிக் பூச்சுள்ள சாமணத்துக்கும் இதே கதிதான். லேசான படலம் சில நிமிடங்களில் போய்விடும். பழைய பிசுக்குக்குப் பல மணி நேரம் ஆகலாம், இடையில் திரவத்தை மாற்ற வேண்டும். தேய்க்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். கடைசி அலசல் எப்போதும் வேறொரு குடுவையிலுள்ள புதிய அசிட்டோனில் இருக்க வேண்டும். அழுக்கான திரவத்திலிருந்து நேரே எடுத்து உலரவிட்டால், கரைந்த பிசுக்கு மெல்லிய படலமாகத் திரும்பவும் நாணயத்தில் அமர்ந்துவிடும். பிறகு காற்றில் தானாக உலரட்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது.

தீ விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். அசிட்டோன் 56 பாகை செல்சியஸில் கொதிப்பது. அதன் ஆவி பூச்சியத்துக்குக் கீழான வெப்பநிலையிலேயே தீப்பற்றக்கூடியது, காற்றைவிடக் கனமானதால் தரையோடு பரவும். அடுப்பு மட்டுமல்ல, சாமி விளக்கும் அணைந்திருக்க வேண்டும், சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

வண்ணம் அச்சிட்ட நினைவு நாணயங்களை அசிட்டோன் பக்கமே கொண்டுபோகக் கூடாது, வண்ணம் போய்விடும். செம்பு நாணயங்களை வெயில் படும் இடத்தில் நெடுநேரம் ஊறவைப்பதைப் பல சேகரிப்பாளர்கள் தவிர்க்கிறார்கள், நானும் அப்படித்தான்.

பூம்புகார் சில்லறை எழுதியது:

சோழர் காசுகளைப் பற்றி யாரும் பேசவில்லையே என்பதால் குறுக்கிடுகிறேன். ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும் உள்ள அந்த ராஜராஜன் காசுகளை எல்லா நாணயங்களோடும் சேர்த்து ஒரே குடுவையில் போட்டுவிட வேண்டாம். மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட செம்பில் வருகின்ற பச்சைக்கு மூன்று முகங்கள் உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு.

கெட்டியாக, வழவழப்பாக, கருமை கலந்த பச்சையில் நாணயத்தோடு ஒன்றிப்போய் இருப்பது நூற்றாண்டுகளில் உருவான களிம்புப் பூச்சு. அது நாணயத்தின் தோல். அதை எடுத்தால் எழுத்தும் உருவமும் சேர்ந்தே போகும். விரலில் ஒட்டும் பச்சை பிவிசியின் வேலை. மூன்றாவது வெளிர்பச்சை நிறத்தில் மாவுபோல் உதிர்வது. தட்டினால் காகிதத்தில் தூளாக விழும், அடியில் குழி தெரியும். இதை வெண்கல நோய் என்கிறார்கள். மண்ணிலிருந்தோ பிவிசியிலிருந்தோ வந்த குளோரைடு செம்புக்குள் தங்கி, ஈரம் கிடைத்தபோதெல்லாம் அமிலத்தை உண்டாக்கி, நாணயத்தை உள்ளிருந்து தின்றுகொண்டே போகும். அசிட்டோனால் இதற்குப் பயனில்லை. அப்படிப்பட்ட நாணயத்தை உடனே தனியே பிரித்து, ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் பெட்டியில் அடைக்க வேண்டும். நிரந்தரச் சிகிச்சை பழம்பொருள் பாதுகாப்பு பயின்றவர் செய்ய வேண்டிய வேலை.

இன்னொன்று. நம் வீடுகளில் பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி, வெள்ளிக் குங்குமச் சிமிழுக்கு விபூதி என்று கைப்பழக்கம் உண்டு. விளக்குக்கு அது சரி. நாணயத்துக்குப் புளி அமிலம், விபூதி உப்புத்தாள். ஒரு வியாபாரி புளி போட்டுத் தேய்த்துப் பொன்னிறமாக்கிய சோழர் காசைக் காட்டி அதிக விலை சொன்னதைப் பார்த்திருக்கிறேன். அதில் சோழரும் இல்லை, காசும் இல்லை.

தேக்காக்காரர் எழுதியது:

ஆய்வக மேசையின் விளக்கத்துக்குப் பிறகு என் ஆல்பங்களைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தேன். பாம்புத்தாரா பொறித்த ஐந்து காசுகள் சிலவற்றில் மெல்லிய எண்ணெய்ப் படலம் தெரிகிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆகவே உறை மாற்றுவதில் இனி வாதம் இல்லை.

ஆனால் நாணயம் அச்சிடும் ஆலையின் அசல் உறையோடு வந்த தொகுப்புகளை என்ன செய்வது? பழைய தொகுப்புகளைப் பிரித்துவிட்டால் வாங்குபவர் விலையைக் குறைக்கிறார். உறையோடு விட்டால், அந்த உறை மென்மையான பிளாஸ்டிக்காக இருக்கும் பட்சத்தில் நாணயம் கெடுகிறது. இங்கே செப்புக்காசு சொல்வதுபோல் எல்லாவற்றையும் பிரித்துவிடு என்பது எளிதான தீர்ப்பு.

செப்புக்காசு எழுதியது:

எளிதான தீர்ப்பு இல்லை என்பது உண்மைதான். என் நிலைப்பாடு இது: நெடி வீசும் உறையாக இருந்தால் பிரிக்க வேண்டும், அட்டையையும் சான்றிதழையும் காலி உறையையும் வேறொரு பெட்டியில் பத்திரப்படுத்த வேண்டும். விற்கும்போது மூன்றையும் சேர்த்துக் காட்டலாம். பிசுக்கேறிய நாணயத்தை அசல் உறையோடு விற்பவருக்குக் கிடைக்கும் விலையும் குறைந்த விலையே. பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரமிடும் நிறுவனங்கள் பிவிசி பிசுக்கு உள்ள நாணயத்துக்கு வழக்கமான தர எண் தருவதில்லை. விறைப்பான, மணமற்ற பெட்டியில் வந்த தொகுப்பை மட்டும் அப்படியே விட்டுவிடலாம், அவ்வப்போது பார்த்துக்கொண்டால்.

புதிய உறைகளைப் பொறுத்தவரை, செலவைக் கட்டுப்படுத்த எண்ணினால் நடுவில் மைலார் சாளரம் வைத்த சதுர அட்டைகளே போதும். அவற்றை மூடப் பயன்படும் கம்பியில்தான் கோளாறு. சாதாரண ஸ்டேப்ளர் ஊசி இந்த ஊர் ஈரத்தில் துருப்பிடிக்கும். அதன் முனை தட்டையாக்கப்படாமல் விடப்பட்டால் அடுத்த அட்டையின் சாளரத்தைக் கிழித்து அங்குள்ள நாணயத்தையும் கீறும். துருப்பிடிக்காத எஃகு ஊசி வாங்குங்கள், அடித்த பிறகு குறடால் அழுத்தித் தட்டையாக்குங்கள். நாணயத்தை வெளியே எடுக்கும்போது ஊசிகளை முதலில் கழற்ற வேண்டும். அட்டையைக் கிழித்துத் திறப்பவர்கள் ஊசி முனையால் நாணயத்தைக் கீறிவிடுகிறார்கள்.

பலரும் கவனிக்காதது ஆல்பத்தின் அட்டை. உள்ளே பாலிப்ரோப்பிலீன் தாள் போட்டுவிட்டு, வெளியே தோல்போல் தோற்றமளிக்கும் வினைல் அட்டையை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். அந்த வினைலும் பிவிசிதான். அதிலிருந்து எழும் ஆவி மூடிய ஆல்பத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

வெள்ளிக்கீற்று எழுதியது:

பாம் ஷெல்ட்டர் பற்றி ஒரு வார்த்தை. இருட்டாகவும் பூட்டக்கூடியதாகவும் இருப்பதால் நம்மில் பலர் அதையே பெட்டக அறையாக்கி வைத்திருக்கிறோம். ஆனால் சன்னலில்லாத கான்கிரீட் அறையில் காற்றோட்டம் குறைவு. பெயின்ட் டப்பா, ரப்பர் செருப்பு, பூச்சி உருண்டை எல்லாம் அதே அறையில் இருந்தால் அவற்றின் ஆவியும் அங்கேயே நிற்கும். ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். ஈரம் உறிஞ்சும் டப்பாவில் தண்ணீர் நிரம்பியதைப் பார்த்து நிம்மதியடைகிறோம்; அறையின் ஈரப்பதம் எவ்வளவு என்பதை அது சொல்வதில்லை. சிறிய ஈரமானி ஒன்றை நாணயப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

கேமராக்காரர்கள் பயன்படுத்தும் மின்சார உலர் அலமாரி நாணயங்களுக்கும் பொருந்தும், 40 விழுக்காட்டை ஒட்டி வைத்தால் போதும். அது இல்லாதவர்கள் ரப்பர் விளிம்பில்லாத, இறுக மூடும் பாலிப்ரோப்பிலீன் பெட்டியில் சிலிக்கா ஜெல் வைத்து, நிறம் மாறியதும் காயவைத்து மாற்றலாம். குளிரூட்டிய அறையிலிருந்து நாணயத்தை எடுத்து வந்து வராந்தா வெளிச்சத்தில் ஆற அமரப் பார்க்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தின்மேல் உடனே வியர்த்துவிடும்.

உலர் பெட்டி வாங்கிவிட்டோம், ஆகவே பிவிசி தாள் இருந்தாலும் பரவாயில்லை என்று மட்டும் எண்ண வேண்டாம். ஈரம் குறைந்தால் அமிலத்தின் வேகம் குறையும். இளக்கி கசிவது நிற்காது.

ஈசூன்வாசி எழுதியது:

கடைசித் தாள்கள் இரண்டும் மிதந்தன, வைத்துக்கொள்கிறேன். வெள்ளி நாணயங்களுக்கு மட்டும் வட்டமான அக்ரிலிக் கூடு வாங்க எண்ணுகிறேன். கடையில் காட்டிய கூட்டுக்குள் நாணயத்தைப் பிடித்து வைக்கக் கறுப்பு நுரை வளையம் ஒன்று இருந்தது. அது பாதுகாப்பானதா? விற்பவர் பிவிசி இல்லாதது என்கிறார்.

ஆய்வக மேசை எழுதியது:

கூடு நல்லது, வளையத்தை நான் நம்பமாட்டேன். பிவிசி இல்லாத நுரையும் வேறு ஆவிகளை வெளியிடலாம். நுரை வளையத்தை ஒட்டிய விளிம்பில் வெள்ளி பழுப்பாவதைச் சேகரிப்பாளர்கள் அடிக்கடி காண்கிறார்கள். அருங்காட்சியகங்களில் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் அறிமுகப்படுத்தியது; சோதிக்க வேண்டிய பொருளை வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளோடு மூடிய குடுவையில் சிறிது நீர் சேர்த்து 60 பாகையில் 28 நாள் வைத்து, தகடுகள் நிறம் மாறுகின்றனவா என்று பார்ப்பார்கள்.

வீட்டில் அதன் எளிய வடிவம் இப்படி: பளபளப்பாகத் தேய்த்த இரண்டு செம்புக் கம்பித் துண்டுகள், இரண்டு சிறு கண்ணாடிக் குடுவைகள், இரண்டிலும் ஈரப் பஞ்சு. ஒன்றில் மட்டும் அந்த நுரை வளையத்தைப் போட்டு, இரண்டையும் குளிர்சாதனப் பெட்டியின் மேற்புறம்போல் வெதுவெதுப்பான இடத்தில் சில வாரம் வையுங்கள். வளையம் இருக்கும் குடுவையின் கம்பி மட்டும் நிறம் மாறினால் விடை கிடைத்துவிடும். மாறவில்லை என்பதை முழு உத்தரவாதமாகக் கொள்ள முடியாது. வளையம் தேவைப்படாதபடி, நாணயத்தின் விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் அளவில் கூடு கிடைக்கிறது. 1903 டாலரும் அளவில் குறைக்கப்பட்ட 1907 டாலரும் ஒரே கூட்டில் பொருந்தா, ஆகவே அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.